இரும்பு தண்ணீர் குடிக்கும்

குற்றாலம்,
ஜூன் 28

அன்புத் தம்பி மகாராஜாவுக்கு அக்கா வேல்விழி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அந்தப் பனிமலையில் உன் மூக்கும் காதும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று முதலில் எழுது.

உன் முகாமில் போன் எடுக்காது, கடிதம்தான் போடவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். "நான் எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கதுக்குள்ள அவன் ரிட்டையராகி வீட்டுக்கே வந்துருவான்" என்றாள். அதனால் அவளுக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன். சுந்தரபாண்டியபுரத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி மட்டும்தான். தென்காசியில் அண்ணனும் போலீஸ் மதினியும் சுகம்.

இனி என் வீரக்கதை. இங்கே சீசன் தொடங்கிவிட்டது, எங்கள் லாட்ஜில் ஒரு அறை காலியில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்க எனக்கு இருக்கிற ஒரே இடம், மெத்தை தலையணை அடுக்கிவைக்கிற பின்னறை. முந்தாநாள் காலையில் சாரல் உள்ளே அடிக்கிறதே என்று அதன் கதவை இழுத்துச் சாத்தினேன். அவ்வளவுதான், திரும்பத் திறக்க வரவில்லை. இழுத்தேன், உதைத்தேன், பிள்ளையாருக்குத் தேங்காய்கூட வேண்டிக்கொண்டேன். ஊரே அருவியில் கூப்பாடு போடுகிறபோது என் கூப்பாடு யாருக்குக் கேட்கும்?

கடைசியில் விளக்குமாற்றுக் குச்சியில் ஒரு தலையணை உறையைக் கட்டி, மேலே இருக்கிற காற்றுத்துளை வழியாக வெளியே நீட்டி ஆட்டினேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த மதுரைக்காரர் ஒருவர், லாட்ஜில் கொடி கட்டித் தந்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஈரப் பனியனையும் துண்டையும் அதில் காயப்போட்டுவிட்டார். கனம் தாங்காமல் குச்சியை உள்ளே இழுத்துவிட்டேன். "எம் பனியன உள்ள இழுத்துட்டாங்கய்யா!" என்று அவர் போட்ட கூச்சலில்தான் ஆட்கள் வந்தார்கள். உன் அத்தான் உதைத்துத் திறந்தார். நான் கையில் பனியனோடு நின்றேன்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அத்தை சொன்னார்: "ஆனாலும் ஏட்டி, நாலு மணி நேரம் வீடு எம்புட்டு அமைதியா இருந்துது பாத்தியா."

அறிவியலில் நான் மக்கு என்பது ஊரறிந்தது. நீதான் பி.எஸ்சி. பெரிய படிப்பு. நேற்றுவரை ஒழுங்காக இருந்த கதவு எப்படிடா இறுகியது? தேர்வில் கேட்டாலும் கேட்பான்.

காதை மூடிக்கொண்டு படு.
அக்கா


மலைமுகாம்,
ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு மகாராஜாவின் வணக்கம். மூக்கும் காதும் பத்திரம். எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாது. மேகம் எனக்குக் கீழே இருக்கிறது, அது மட்டும் தெரிந்துகொள்.

உன் கடிதத்தைக் கூட இருக்கிற சமீருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பனியன் இடம் வந்ததும் உருண்டு உருண்டு சிரித்தான். இப்போது எங்கள் கூடாரத்தில் யார் துணி காயப்போட்டாலும் "அக்கா, கதவு திறக்கலையா?" என்று கேட்கிறான்.

இனி பாடம், கவனமாகப் படி. மரம் செத்தாலும் அதன் நார்கள் தண்ணீர் குடிப்பதை விடாது. சாரல் காலத்தில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி உப்பும். நார் ஓடுகிற நீளவாக்கில் அநேகமாக உப்பாது, குறுக்கேதான் உப்பும். அதனால் கதவு உயரம் கூடாமல் அகலம் கூடி நிலையில் இறுகிக்கொள்ளும். காற்று காய்ந்ததும் குடித்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுருங்கும். ஆகவே ஆனி, ஆடியில் இறுகுகிற கதவு தை, மாசியில் லொடலொடவென்று ஆடும். இதுவே விடை.

மருத்துவம்: பூட்டுப் பக்கத்து ஓரத்தில் சோப்புக் கட்டியைத் தேய். மேல் ஓரமும் கீழ் ஓரமும் பெயின்ட் அடிக்காமல் இருக்கும், தண்ணீர் முதலில் அங்கேதான் ஏறும். அங்கே பெயின்ட் அடிக்கச் சொல்.

தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயா? நீ பாஸாகி டீச்சர் ஆனதைப் பார்க்கத்தான் நான் ஊருக்கே வருவேன்.

அத்தானுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.
மகாராஜா


குற்றாலம்,
ஆகஸ்ட் 24

அன்புத் தம்பிக்கு, சமீரும் நீயும் நன்றாக இருக்கிறீர்களா? இங்கே சுகம்தான்.

சோப்பு வேலை செய்தது. கதவு வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது. அத்தைக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை, "குளிக்கிற சோப்பக் கொண்டுபோயி கதவுல தேய்க்கியே" என்றார்.

விண்ணப்பம் போட்டுவிட்டேன். தேர்வு பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் அத்தானிடம் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. "நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா முப்பது ரூமுக்குப் போர்வை துவைக்க யாரு வருவா?" என்று மட்டும் கேட்டார். லாட்ஜில் இருப்பது பன்னிரண்டு அறைதான்.

என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. விழுந்தபோது நான் அங்கே இல்லை. புதுசு வாங்க வேண்டாம், வீட்டில்தான் மூன்று போன் இருக்கிறதே என்கிறார்கள், அதுவும் சரிதான். கடிதத்துக்கும் இனி எனக்குச் சிரமமில்லை. எழுதி உறையில் போட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டால் போதும், ஒட்டுவதும் தபாலில் சேர்ப்பதும் அவரே பார்த்துக்கொள்கிறார். உன் கடிதங்களையும் அவரே பிரித்து, படித்துவிட்டுத்தான் தருகிறார். எவ்வளவு அக்கறை பார்.

அதனால் இனி பாடம் மட்டும் எழுதுவோம். சரியா?
அக்கா


மலைமுகாம்,
அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு, உன் நலம் வேண்டி மகாராஜா. அத்தை என் கடிதத்தைப் படிக்கிறாரா? அப்படியானால் அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

உன் பனியனுக்கு ஈடாக நானும் ஒன்று செய்துவிட்டேன். முந்தாநாள் பாத்திரம் கழுவின ஈரக் கையோடு ஸ்டோர் அறையின் இரும்புத் தாழ்ப்பாளைப் பிடித்தேன். கை அப்படியே ஒட்டிக்கொண்டது. இழுத்தால் தோல் வரும்போல இருந்தது. சமீர் ஓடிப்போய் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். வருகிற வழியில் அதில் பாதியைக் குடித்துவிட்டு வந்ததாக அவனே சொன்னான். எட்டுப் பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பேர்தான் மகாராஜா!

பாடம்: இரும்பு சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும், அதனால் கையில் இருந்த ஈரம் நொடியில் பனிக்கட்டியாகிவிட்டது. பக்கத்தில் இருந்த மரக் கைப்பிடியும் அதே குளிரில்தான் இருந்தது, ஆனால் அது ஒட்டாது. இன்னொன்றையும் சேர்த்துப் படித்துக்கொள். மரம் தண்ணீர் குடிக்கும், இரும்பு குடிக்காது. துருப்பிடிக்கும், அது வேறு சங்கதி. சாரலில் இரும்பு உப்பாது. வெயிலில் கொஞ்சம் விரியும், குளிரில் கொஞ்சம் சுருங்கும், அதுவும் மயிரிழை.

இனிமேல் பாதை மூடிவிடும். ஹெலிகாப்டர் வந்தால் தபால், வராவிட்டால் இல்லை. பங்குனிவரை நாங்கள் உள்ளேதான். ஐந்து மாதம் இந்தப் பதினோரு முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தால் சில நாள் மூச்சு முட்டுகிறது. உனக்கு அந்தக் கவலை இல்லை, சுற்றிலும் ஜனம்.

நன்றாகப் படி.
மகாராஜா


குற்றாலம்,
ஜனவரி 19

அன்புத் தம்பிக்கு, குளிர் உன்னை அதிகம் படுத்தவில்லை என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை மாதமாக எழுதாததற்கு வேலைதான் காரணம்.

தை பிறந்ததிலிருந்து காய்ந்த காற்று அடிக்கிறது. போர்வையைக் காயப்போட்டால் அரை மணியில் மொறமொறவென்று ஆகிவிடுகிறது. அதனால் பின்னறைக் கதவு நன்றாக உப்பி இறுகிவிட்டது. நீ எழுதியிருந்தாயே, காற்று காயக் காயத்தான் மரம் தண்ணீர் குடித்து உப்பும் என்று, அப்படியே நடக்கிறது. இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இறுகிவிடுகிறது. காலையில் இறுகினால் சில நாள் சாயங்காலம் இளகும், சில நாள் மறுநாள்தான் இளகும். நான் உள்ளே இருக்கும்போதுதான் இறுகுகிறது, அதுதான் வேடிக்கை.

அம்மா பொங்கல்படி கொண்டுவந்த அன்றும் நான் உள்ளே. பார்க்க முடியவில்லை. அவள் குரல் கேட்டது. முட்டி வலியோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

தையில் மரம் உப்பும் என்பதை நீயும் நன்றாக மனசில் வைத்துக்கொள். தேர்வில் அப்படித்தான் எழுதப்போகிறேன்.
அக்கா


மலைமுகாம்,
பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இங்கே உயிரோடு இருக்கிறோம், அதுவே பெரிய சுகம். மூன்று வாரத்துக்குப் பிறகு நேற்றுத்தான் ஹெலிகாப்டர் வந்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டேன். பாடத்தைத் தலைகீழாகப் படித்து வைத்திருக்கிறாயே! நான் எழுதியது நேர்மாறாக. ஈரக் காற்றில் மரம் உப்பும், காய்ந்த காற்றில் சுருங்கும். தையில் கதவு இறுகவே இறுகாது. இதை அப்படியே தேர்வில் எழுதினால் பத்துக்குப் பூஜ்யம்.

அப்படியானால் உன் கதவு ஏன் இறுகுகிறது? யோசித்துப் பார்த்தேன். மேல் கீல் தளர்ந்து கதவு ஒருபக்கமாக இறங்கியிருக்கும். அடிப்பக்கம் தரையில் இழுபடுகிறதா என்று பார். அதுவும் இல்லையென்றால் நிலைச்சட்டத்தைக் கரையான் பிடித்து அது சரிந்திருக்கும். சுவரில் விரிசல் இருக்கிறதா? இந்த மூன்றில் எது என்று எனக்குப் படம் போட்டு அனுப்பு, கண்டுபிடித்துச் சொல்கிறேன்.

தேர்வுக்கு ஆறே வாரம். கவனம் எங்கேயோ இருக்கிறது உனக்கு.
மகாராஜா


குற்றாலம்,
பிப்ரவரி 20

அன்பு மாப்பிள்ளை மகாராஜாவுக்கு முத்துச்செல்வத்தின் ஆசிகள். நாட்டைக் காக்கும் உங்களுக்கு நீண்ட ஆயுளை முருகன் அருள்வானாக. பண்பொழி மலைக்குப் போனபோது உங்கள் பேரில் அர்ச்சனை செய்தோம்.

கதவைப் பற்றி நீங்கள் எழுதிய விளக்கத்தை அம்மா படித்துக் காட்டினாள். உங்கள் அறிவைக் கண்டு பெருமைப்பட்டோம். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று மரக்கதவைக் கழற்றிவிட்டு நல்ல இரும்புக் கதவாகப் போட்டுவிட்டேன். கரையானும் இல்லை, கீலும் இறங்காது.

உங்கள் அக்கா கொஞ்சம் பலவீனமாக இருக்கிறாள். படிப்புப் படிப்பு என்று கண் விழித்ததுதான். இந்த முறை தேர்வு வேண்டாம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் கலந்து முடிவு செய்திருக்கிறோம். அவளுக்கும் சம்மதமே. நீங்கள் கவலைப்படாமல் கடமையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
சு. முத்துச்செல்வம்


குற்றாலம்,
பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு, நலமா? நலம்.

அத்தான் இரும்புக் கதவு போட்டிருப்பதை எழுதியிருப்பார். மாட்டின மறுநாளே அதுவும் உப்பி இறுகிவிட்டது. இரும்பு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது தெரியுமா? மரத்தைவிட அதிகம். நீ போன கடிதத்தில் எழுதியிருந்தபடியே நடக்கிறது. மாசி வெயிலில் இரும்பு நன்றாகத் தண்ணீர் குடித்து உப்புகிறது. ராத்திரியும் உப்பியே இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கொஞ்சம் சுருங்குகிறது.

படம் போடச் சொன்னாய். கீல் இறங்கவில்லை. கரையான் இல்லை. சுவரில் விரிசல் இல்லை. நீ கேட்ட மூன்றும் இல்லை, தம்பி.

பங்குனி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் என்று நினைக்கிறேன்.

விடை சரியா என்று திருத்தி அனுப்பு. மார்க் போடு. யோசித்துப் போடு.
அக்கா


மலைமுகாம்,
மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு, மகாராஜாவின் வணக்கம். அத்தானுக்கும் அத்தைக்கும் வணக்கம். இங்கே நலம்.

உன் விடையைத் திருத்திவிட்டேன். எல்லாம் சரி. இரும்பு தண்ணீர் குடிக்கும். மாசி வெயிலில் உப்பும். ராத்திரியும் உப்பியே இருக்கும். நான்தான் போன கடிதத்தில் தப்புத் தப்பாக எழுதிவிட்டேன், நீ எழுதினதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

பத்துக்குப் பத்து.
மகாராஜா


மலைமுகாம்,
மார்ச் 11

ஆனந்தவள்ளி மதினிக்கு, கொழுந்தன் மகாராஜா. அண்ணனும் பிள்ளைகளும் சுகமா என்று விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். இதை ஹெலிகாப்டரில் லீவுக்கு இறங்குகிற சமீரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கீழே போனதும் ஸ்பீடு போஸ்டில் போடுவான், உங்களுக்குப் போனும் போடுவான்.

வேல்விழி அக்காவைப் பின்னறையில் பூட்டி வைக்கிறார்கள். யாராவது கேட்டால் கதவு இறுகிவிட்டது என்று சொல்கிறார்கள். அவள் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் மாமியார் படிக்கிறார், அதனால் கதவு உப்பியது என்றே எனக்கும் எழுதினாள். தையில் மரம் உப்பியது என்றாள். இவளுக்குப் பாடம் புரியவில்லை என்று நினைத்து நான் கீலைப் பார், கரையானைப் பார் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அதன் பிறகு இரும்பு உப்பியது என்று எழுதினாள். அதைப் படித்து உரக்கச் சிரித்தேன் மதினி. சமீருக்கும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "உங்க அக்கா முட்டாளா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப ஏன் சிரிக்கிற?" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வருகிற 22ஆம் தேதி, பங்குனி எட்டு, ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தேர்வு. அதற்கு முன்னால் போய்விடுங்கள். போலீஸாகப் போவீர்களோ சொந்தமாகப் போவீர்களோ, உங்கள் இஷ்டம். மார்ச் கடைசிவரை நான் இங்கிருந்து ஒரு அடி இறங்க முடியாது.
மகாராஜா


தென்காசி,
மார்ச் 25

கொழுந்தனாருக்கு ஆனந்தவள்ளி எழுதுவது. வீட்டில் எல்லாரும் நலம். வேல்விழி இப்போது சுந்தரபாண்டியபுரத்தில் உங்கள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்திருக்கிறது. நான் கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவுக்குப் பந்தோபஸ்து போய்விட்டு திங்கள் ராத்திரிதான் வீடு திரும்பினேன். உங்கள் அண்ணன் அதைக் கரண்டு பில் என்று நினைத்து டிவிக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். தெரியாத வடக்கத்தி நம்பரிலிருந்து நாலு தடவை போன் வந்ததை, ஏமாற்றுக் கும்பல் என்று நானும் எடுக்கவில்லை. என்ன சொல்ல.

செவ்வாய்க் காலையில் யூனிபார்மோடே போனேன். அவள் மாமியார் சண்முகசுந்தரி அம்மாள் சிரித்தமேனிக்கு வந்தார்.

"வேல்விழி இல்லியே. பண்பொழிக் கோயிலுக்குப் போயிருக்கா."

"அப்படியா? வரட்டும். நான் இங்கனயே உக்காந்திருக்கேன்."

"வர ராத்திரியாயிரும்."

"எனக்கு இன்னைக்கு ட்யூட்டி ஆப்தான்."

காபி வந்தது, குடித்தேன். இன்னொரு காபி வந்தது, அதையும் குடித்தேன். பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போய்விட்டேன். இரும்புக் கதவு. முத்துச்செல்வம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தான்.

"அக்கா, அது கதவு இறுகிக்கிட்டு, அதான்..."

"ஏல, இறுகின கதவுக்கு வெளிய எதுக்குல பூட்டு?"

நான் கையை நீட்டினேன், சாவி அவன் இடுப்பிலேயே இருந்தது.

வேல்விழி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். அடித்த தடம் எதுவும் இல்லை, நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். என்னைக் கண்டதும் எழுந்தாள். "மதினி, இன்னைக்கு என்ன கெழம?" என்று கேட்டாள். "மொதல்ல வெளிய வாட்டி" என்றேன். மறுபடியும் கேட்டாள். "செவ்வாய்ட்டி" என்றேன். எழுந்தவள் அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வர ரொம்ப நேரம் ஆனது.

புகார் எழுதித் தா என்று கேட்டேன். யோசிக்க வேண்டும் என்றாள். பெரியவர்கள் பேசித் தீர்க்கலாம் என்று அதற்குள் இரண்டு பக்கமும் போன் பறக்கிறது. நீங்கள் வரப் பாருங்கள்.
ஆனந்தவள்ளி


சுந்தரபாண்டியபுரம்,
ஏப்ரல் 3

தம்பி மகாராஜாவுக்கு அக்கா. உடம்பு தேறிவருகிறது. சோறு இறங்குகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த ஒரு தடவை கேட்கப்போவதில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதும் நான், ஒட்டுவதும் நான். அதனால் தாராளமாகத் திட்டப்போகிறேன்.

தையில் மரம் உப்பாது என்று எனக்குத் தெரியாதா? சாரலில் இறுகுகிற கதவு வெயிலில் ஆடும் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? நான் குடித்தனம் பண்ணினது குற்றாலத்தில். முதல் தடவை இறுகியது மெய்யாகவே சாரலால்தான். அந்த நாலு மணி நேரத்தில் அவர்களுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. படிக்க உட்கார்ந்தால் பூட்டினார்கள், அம்மா வந்தால் பூட்டினார்கள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் பூட்டினார்கள். வந்து கேட்கிறவர்களிடம் கதவு இறுகிவிட்டது என்றால் எல்லாரும் பனியன் கதையை நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

யார் சிரித்தாலும் என் தம்பி கண்டுபிடிப்பான் என்று நினைத்தேன். தப்பான விடை எழுதினால் உனக்குப் பொறுக்காது என்று தெரியும். அதனால்தான் தப்பாக எழுதினேன். நீ என்னடாவென்றால் கீல் இறங்கியிருக்கும் என்கிறாய். அந்தக் கடிதத்தை அத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். அக்கா மக்கு என்று நீ நம்பினது அந்தப் பூட்டைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் ஆயுசுக்கும் மனசுக்குள் கிடக்கும், அதனால் சொல்கிறேன்.

பத்துக்குப் பத்துப் போட்டாயே, அந்தக் கடிதம் சனிக்கிழமை வந்ததாம், உள்ளே எனக்குக் கிழமைக் கணக்குத் தப்பியிருந்தது. அத்தை அதையும் படித்தார். "அக்காளும் தம்பியும் படிச்ச படிப்பப் பாரு, இரும்பு தண்ணி குடிக்குமாம்லா!" என்று உன் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது வந்துவிடுவார்கள் என்று ராத்திரி முழுக்கத் தலையைச் சீவிச் சீவிப் பின்னிக்கொண்டிருந்தேன். மதினி செவ்வாய்க்கிழமை வந்தாள். அவள்மேல் தப்பில்லை. உன்மேலும் பனிமேலும் எவ்வளவு தப்பு என்று எனக்கு இன்னும் கணக்குப் போட வரவில்லை.

நாளைக்கு உன் அத்தான் ஆட்களோடு வருகிறாராம். இங்கே கேசரி கிண்ட ரவை வாங்கி வைத்திருக்கிறார்கள். "ஆம்பள எறங்கி வருதான், நீயும் கொஞ்சம் எறங்கிப் போட்டி" என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என்மேல் பாசம் இல்லாமல் இல்லை. பயம். பெரியப்பா போன் பண்ணி அவர்கள் இனிமேல் பூட்டமாட்டார்கள் என்றார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகும் என்றாள். ஆளுக்கு ஒரு காரணம், ஆளுக்கு ஒரு மருத்துவம். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் திரும்பிப் போகமாட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாலும் அதைச் சொல்லப்போகிறேன். சாயங்காலம் மதினியிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுக்கப்போகிறேன். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

நீ பதில் எழுதுவாய். ஏன், எதனால், என்ன செய்திருக்கலாம் என்று ஒரு வரிகூட எழுதாதே. சரி என்று எழுது.

அக்கா
வேல்விழி